ஒரு போத்தல் எச்சில்

"த்தூ... த்தூ... த்தூ!"

மலேசியாவின் பாடாங் செராயில் ஃபெலிசியாவின் கார் வீட்டு வாசலுக்கு வந்ததும், எதிர்வீட்டு ராக்காயி வழக்கம்போல ரோட்டில் துப்பினாள். சத்தமாக, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"பாத்தியா அந்தப் பொம்பளையை?" அம்மா பிரிஜெட் கொதித்தாள். "நீ டாக்டராகி காடி வாங்கின நாள்லேருந்து இதே வேலை. வயித்தெரிச்சல் லா, வேற என்ன?"

ஃபெலிசியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நான் எச்சிலுக்குத் தெருத்தெருவா அலையறேன். அவங்க ரோட்ல வீணாக்கறாங்களேம்மா!"

அலைச்சல்தான். ஃபெலிசியா பல்கலைக்கழகத்தில் ஹார்மோன் ஆராய்ச்சி செய்கிற டாக்டர். மனுசருக்குக் கவலை வந்தால் ஏறுகிற ஹார்மோன் எச்சிலில் தெரிந்துவிடுமாம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்களின் எச்சிலைத்தான் பல வருசமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரே ஒருவர் குறை. இன்று சாயங்காலம் எச்சில் போத்தல்கள் இருக்கிற ஐஸ் பெட்டியை மூடி அனுப்பியாக வேண்டும். ஆராய்ச்சி முடிந்தால் பேராசிரியர் பதவி. இல்லையென்றால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

காலையில் கேட்டதற்கு, அதே தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த பரஞ்சோதி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"டாக்டர்னா ஊசி போடு, மருந்து குடு. எச்சிலையா கேக்கறது? கூச்சமா இருக்கு தங்கச்சி!"

ஃபெலிசியா சட்டென்று ஒரு சின்ன போத்தலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள்.

"ஏய், அங்கயா போற? மூஞ்சிலயே துப்பிடுவா!"

"அப்படியே போத்தல்ல பிடிச்சுக்குவேன்மா!"

பிரிஜெட் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

ராக்காயி இடுப்பில் கை வைத்து இருவரையும் பார்த்தாள்.

"பெரியம்மா, நீங்களும் பால்மரம் வெட்டினவங்கதானே? இதுல கொஞ்சம் துப்பித் தரணும்."

"என்னாது?"

"நீங்க துப்பினா நான் பேராசிரியர் ஆயிடுவேன், பெரியம்மா."

கேலி செய்கிறாளோ என்று ராக்காயி ஒரு கணம் முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள்தான், நிறுத்தவே முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரிஜெட்டைக் கையால் காட்டி ஃபெலிசியாவிடம் சொன்னாள்.

"நீ டாக்டருக்குப் படிச்சு முடிச்சப்போ சுத்திப் போடலாம்னு உப்பும் மிளகாயும் கொண்டாந்தேன். எங்க வேதத்துல இதெல்லாம் இல்லேன்னு உங்கம்மா கதவைச் சாத்திட்டாங்க. அவங்க வேதம் அவங்களுக்கு, சரி. நம்ம தெருப் புள்ள இப்படி மேல மேல போவுதே, ஊர்க் கண்ணு சும்மா இருக்குமா? அதான் ரோட்டுல நின்னே திருஷ்டி கழிக்கிறேன்."



ராக்காயி போத்தலை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"நீ பெரிய ஆளா வரணும்னுதானே புள்ள, இத்தனை வருசமா துப்பிக்கிட்டே இருக்கேன்!"