இரவல் பீரியடு

இடுப்பில் பந்தை இடுக்கிக்கொண்டு பத்தாம் வகுப்பு பி பிரிவின் வாசலில் நின்றாள்.

உள்ளே கணக்கு நடந்துகொண்டிருந்தது. குற்றாலிங்கம் சார் பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தார்.

"என்ன பி.டி. மேடம், வழி தப்பி வந்துட்டியளா?"

வகுப்பு சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வருடம் முழுக்க, விளையாட்டு பீரியடுக்கு மணி அடித்ததும் அவர் சாக்பீஸும் கையுமாக இதே வாசலில் வந்து நிற்பார்.

"பி.டி. பீரியடுதானே மேடம், சும்மாதானே போவுது. நான் எடுத்துக்கிடுதேன்."

போர்ஷன் முடியவில்லை என்பார். ரிவிஷன் என்பார். அவள் வேலைக்குப் புதுசு. நல்ல பெயர் எடு என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "எடுத்துக்கோங்க சார்" என்பாள். ஷூ லேஸை இறுக்கிக் கட்டிய பிள்ளைகள் மறுபடியும் பெஞ்சில் உட்காருவார்கள்.

மாநில வாலிபால் அணிக்கு ஆடியவள். இங்கே அவளுடைய விசில் காலைப் பிரார்த்தனையில் வரிசை நேராக்க மட்டும்தான். வாங்கி வைத்த வலை இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

நேற்று, வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு பிரின்சிபாலிடம் போனாள்.

"வருஷம் பூரா நீங்க ஒரு கிளாஸும் எடுத்த மாதிரி தெரியலயேம்மா. எதை வச்சு பெர்மனென்ட் பண்ணச் சொல்றீங்க?"

பக்கத்து நாற்காலியில் குற்றாலிங்கம் சார். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி என்னதான் இருந்ததோ அந்த மின்விசிறியில்.



இப்போது வாசலில் பந்தை ஒரு தடவை தரையில் தட்டிப் பிடித்தாள்.

"கணக்கு பீரியடுதானே சார். நான் எடுத்துக்கிடுதேன்."

சிரிப்பு நின்றுபோனது.

தொடுகோடு பாதியில் நின்றது.

"பிரின்சிபால்ட்ட கேட்டியளா?"

"நீங்க என்னைக்காவது கேட்டியளா சார்?"

கடைசி பெஞ்சில் முப்பிடாதி குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினாள். அவளைப் பார்த்து பக்கத்துப் பிள்ளையும் குனிந்தது. அதற்கு முன் பெஞ்சும்.

வராந்தாவின் அந்தக் கோடியில் பிரின்சிபால் ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம்தான் வருகிறார்.

பந்தோடு நின்றவளும் அவரைப் பார்த்தாள்.

வரட்டும். ஒரு கிளாஸும் எடுத்த மாதிரி தெரியவில்லை என்றவர்தானே.

விசிலை வாயில் வைத்தாள்.