சம்பந்தி நடுவர்

"இருபத்தெட்டு, இருபத்தேழு" என்று நடுவர் நாற்காலியிலிருந்து தங்கபாண்டியன் உரக்கச் சொன்னதும், வேலியோரம் நின்ற அவர் மனைவி ஜெயபாக்கியம் எக்கிப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு புள்ளி. 1956ஆம் வருஷத்துப் பூப்பந்துக் கோப்பை போடியை விட்டு ராசிங்காபுரத்துக்குப் போய்விடும்.

போடி அணித் தலைவன் ஆதித்தன் அவளுக்கு மருமகனாக வரப்போகிறவன். மலையில் நாற்பது ஏக்கர் ஏலத்தோட்டம், தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஆடும் ஆட்டத்துக்கு மாமனார் நடுவரா என்று ராசிங்காபுரத்துக்காரர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை. தங்கபாண்டியனின் கடைத் தராசும் சரி, வாயும் சரி, பொய் சொல்லாது என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும்.

மகள் ராஜாத்திதான் மூன்று நாளாக அழுகிறாள். அவனுடைய கோபத்தைப் பற்றி என்னென்னவோ கேள்விப்பட்டாளாம், இந்த மாப்பிள்ளை வேண்டாமாம். "வாக்குக் குடுத்தாச்சு ஆத்தா. நாமளா முறிக்க முடியாது" என்று அப்பா சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

போன பந்தைத் தவறவிட்ட கூட்டாளியை ஆதித்தன் எல்லோர் முன்னாலும் பளாரென்று அறைந்தான். ஆம்பளைக்கு ரோஷம் இருக்கத்தானே செய்யும் என்று ஜெயபாக்கியம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்து வந்த பந்தை அவன் எம்பி அடித்தான். அது எதிர்ப்பக்கச் சுண்ணாம்புக் கோட்டோரம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு விழுந்தது. உள்ளேயா, வெளியேயா?

தங்கபாண்டியன் நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்ப் பந்தை எடுத்தார். தோள் துண்டால் அதைத் துடைத்தபடியே, "வெளிய" என்றார். ஆட்டம் முடிந்தது.

ஆதித்தனின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எம் மகனத் தலகுனிய வச்ச வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேணாம்யா" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நியாயத்துக்காக மகள் கல்யாணத்தையே விட்டுக்கொடுத்த மனுஷன் என்று ராசிங்காபுரத்துக்காரர்கள் தங்கபாண்டியனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் ஜெயபாக்கியத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ராஜாத்தி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஊருக்கு நல்லவரா இருந்து பெத்த மகளக் கெடுத்துட்டீகளே. கோட்டுல பட்டுச்சு, உள்ளதான்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிப் போகுமா?"

தங்கபாண்டியன் மகள் சாப்பிடுவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் குனிந்து சொன்னார்.

"கோட்டுலதான் பட்டுச்சு, பாக்கியம்."