ஐந்து நாற்பது பஸ்

என் கணவரின் லினக்ஸ் கணினியை அவர் இறந்த பிறகும் நான் அணைக்கவில்லை. அதில் பிரவுசர் மட்டும் நாளுக்கு நாள் மந்தமானது. ஞாயிறன்று கொழுந்தன் வந்து பார்த்தான்.

"என்ன அண்ணி, ஒரே பக்கத்த அறுபத்திரெண்டு டேப்ல திறந்து வெச்சிருக்கீங்க! மெஷினுக்கு மூச்சு முட்டாதா?"

எட்டிப் பார்த்தேன். நான் வரும் பஸ் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்கம். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூட்டிவர நிறுத்தத்துக்கு நடப்பார்.

"நான் திறக்கலையே தம்பி. எப்போ திறந்ததாம்?"

ஹிஸ்டரியைப் பார்த்தான். "தினம் சாயந்தரம் அஞ்சு நாப்பதுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை மட்டும் திறக்கல."

அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் இருப்பேன். வீடு பூட்டியிருக்கும். விரல்விட்டு எண்ணினேன். அவர் போன பிறகு நான் வேலைக்குப் போனது அறுபத்திரண்டு நாள்.

'மூடாதே' என்று நான் சொல்வதற்குள் மொத்தத்தையும் மூடிவிட்டான். "இப்ப பாருங்க, பறக்குது!"

திங்கள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். பிரவுசர் சட்டென்று திறந்தது. அதில் ஒரு பக்கம்கூட இல்லை.

நானே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் பஸ் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.