நாலு மணி டீ

“செத்தவரு டீ குடிக்கிறாருன்னு தினமும் பன்னிரண்டாயிரம் பேரு கல்லைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க அக்கா.”

“உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானே தம்பி நிக்க வெச்சாரு.”

ஃபெலிக்ஸ் சிரிக்கவில்லை. இணைய விளையாட்டில் கடற்பாலம் கட்டும் கூட்டத்துக்கு அவன்தான் மேஸ்திரி. கற்கள் கைமாறிக் கைமாறித்தான் போகும். நடுவில் ஒருவர் நின்றால் எல்லாமே நின்றுவிடும். மங்கையின் கணவர் தாமோதரன் இறந்து எட்டு மாதமாகியும், அவருடைய பழக்கங்களையெல்லாம் கற்றுவைத்திருந்த அவரது விளையாட்டு உருவம் வரிசையை விட்டு நகரவில்லை. தினமும் நாலு மணிக்குக் கல்லைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத டம்ளரை ஊதி ஊதி அரை மணி நேரம் குடித்தது.

“மத்தவங்களும் ஆரம்பிச்சுட்டாங்க அக்கா. ஜப்பான்காரன் சமோசா கேக்கிறான். இன்னைக்கு அவரை எடுத்தே ஆகணும். மனைவிங்கிற முறையில உங்க கைரேகை ஒண்ணு போதும்.”

அவர் ஊதும்போது திரைக்கு எதிரே உட்கார்ந்து தானும் குடிப்பது மங்கைக்கு வழக்கமாகியிருந்தது. மணி மூன்று ஐம்பது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

“வெச்சுடறேன் தம்பி. ஆனா நாலரைக்கு எடுக்கிறீங்களா? டீயைக் குடிச்சுட்டுப் போகட்டும்.”