தலைமை மட்டும் போனது

சீசன் முடிந்ததும் கோவைக் கூடைப்பந்து அணி கேப்டன் அல்போன்ஸை விற்கவில்லை; அவனுடைய தலைமையை மட்டும் லூதியானா அணிக்கு விற்றது. ஆள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"தேஞ்சுபோன முழங்காலை அங்கயே விட்டுட்டு, தலைமையை மட்டும் வாங்கினாங்க பாருங்க, அதான் சார் மூளை!" என்று டிவியில் ஒருவர் சிலாகித்துக்கொண்டிருந்தார். அல்போன்ஸின் மனைவி மெர்சி சத்தத்தைக் குறைக்கப் போனபோது, வாசலில் மகள் ரினி சைக்கிளோடு விழுந்தாள்.

முன்பெல்லாம் அழுகை வருவதற்குள் அல்போன்ஸின் குரல் வந்துவிடும்: "தரை எங்கயும் ஓடிடாது, எந்திரி கண்ணு!" இப்போது அவன் இரண்டடி தள்ளி நின்று மனைவியைப் பார்த்தான்.

"ஏனுங்க, புள்ள விழுந்து கெடக்குது!"

"ஆமா, விழுந்துருச்சு."

டிவியில் பயிற்சி ஆட்டம் தொடங்கியிருந்தது. லூதியானாவின் புதுக் கேப்டன், தமிழே தெரியாத பஞ்சாபிக்காரன், சறுக்கி விழுந்த வீரனைப் பார்த்து இருமுறை கைதட்டிக் கத்தினான்:

"தரை எங்கயும் ஓடிடாது, எந்திரி கண்ணு!"

ரினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வந்துட்டேன்ப்பா!" என்று அல்போன்ஸைத் தாண்டி டிவியிடம் ஓடினாள்.

அவள் பின்னாலேயே அல்போன்ஸும் போய், திரையின் முன் கைகட்டி நின்றான், அடுத்து என்ன செய்யச் சொல்வார்கள் என்று.