பல்லியின் சம்மதம்

அடுக்களைச் சுவரின் விரிசலுக்குள் ஒரு பல்லி முட்டையிட்டிருந்தது. குஞ்சு பொரிய இன்னும் நாலு நாள் இருந்தது.

"இந்த விரிசலை அடைச்சு, சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டிடலாங்க," என்று கணவனிடம் சொன்னாள் செண்பகவல்லி.

பல்லி விரிசலுக்கு வெளியே தலையை நீட்டியது. "வேண்டாம் தாயி, வேண்டாம்," என்று கத்தியது.

"பாத்தீங்களா, பல்லியே சரின்னு சொல்லுது," என்று சிரித்தாள் அவள். "கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்லவா?"

பல்லி மறுபடியும் கத்த வாயெடுத்தது.

"சும்மா இரு அக்கா," என்றது அலமாரி இடுக்கிலிருந்த கரப்பான்பூச்சி. "நீ என்ன கத்தினாலும் அவங்க சரின்னுதான் எடுத்துக்கிறாங்க."

பல்லி வாயை இறுக மூடிக்கொண்டது.

செண்பகவல்லி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "இதுக்கு ஒண்ணும் சொல்லலையே. பொறுத்துப் பாப்போம்."

தினமும் அவள் சுவரைப் பார்த்து, "நாளைக்கு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். மூக்கின்மேல் கொசு உட்கார்ந்தபோதும் பல்லி வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் குஞ்சுகளை ஜன்னலுக்கு வெளியே அனுப்பிவிட்டுப் பல்லி திரும்பி வந்தது. பாவம், செண்பகவல்லி டைல்ஸ் அட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லி கணீரென்று குரல் கொடுத்தது.

அவள் முகம் மலர்ந்து போனை எடுத்தாள்.

"இப்போ என்ன அக்கா சொன்னே?" என்று கேட்டது கரப்பான்பூச்சி.

"அதே வேண்டாம்தான்," என்றது பல்லி.