சத்தத்தை முந்தும் விமானம்

சுந்தரராஜுக்கு ப்ளேன் பைத்தியம். அறுபதாம் வருஷம் பெங்களூரு விமான ஃபேக்டரியில ஃபிட்டர் வேலை கிடைச்சதும் அது முத்திப் போச்சு. லீவுக்கு அண்ணன் சிரில் வீட்டுக்கு வந்தான்னா, கோலார் தங்கவயல்ல எங்க சுரங்க லைன் வீடுங்கள்ல ஒருத்தரையும் விடமாட்டான்.

நம்ம நாடே சொந்தமா ஒரு சண்டை விமானம் செய்யுதாம். இனிமே அடுத்த நாட்டுக்காரன் வாசல்ல போய் நிக்க வேணாமாம். அது சத்தத்தையே முந்திக்கிட்டுப் போகுமாம். அப்போ இடி மாதிரி ஒரு வெடி கேக்குமாம். பறக்க விட்டுப் பாத்தாச்சு, நானே நட்டு முடுக்கினதுன்னு மார் தட்டுவான்.

பக்கத்து வீட்டு சரோஜம்மா, "அது கெடக்கட்டும், நம்ம குழாயில தண்ணி எப்போ வரும்?"னு கேப்பாங்க. லைனே சிரிக்கும்.

சுந்தரராஜ் அப்படி லீவுல வந்திருந்த ஒரு நாள், காலை ஷிஃப்டுக்கு சிரில் சுரங்கத்துக்குள்ள எறங்கியிருந்தான். அவன் பொண்டாட்டி சாராவுக்கு நிறைமாசம். முன்னாடி ரெண்டும் தங்கல. இந்தத் தடவை கட்டிலை விட்டு எறங்கவே கூடாதுன்னு நர்ஸம்மா கண்டிச்சு சொல்லியிருந்தாங்க.

டமார்னு ஒரு சத்தம். அலமாரியில இருந்த டம்ளரெல்லாம் உருண்டுச்சு.

எங்க ஊர்ல இதுக்கு ஒரே அர்த்தந்தான். ராக்பர்ஸ்ட். சுரங்கத்துக்குள்ள பாறை வெடிச்சிருக்குது. பொம்பளைங்க அடுப்புல இருக்கறதை அப்படியே போட்டுட்டு சுரங்க வாய்க்கு, ஷாஃப்டுக்கு ஓடணும். புருஷன் கேஜ்ல, அதான் ஆளை ஏத்தி எறக்கற கூண்டுல, மேல ஏறி வர்ற வரைக்கும் கேட்டாண்ட நிக்கணும். ஓடாத பொண்டாட்டியை இந்த ஊர் சும்மா விடாது.

சாராவும் எழுந்துட்டா. சுந்தரராஜ் வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டு சிரிச்சான்.

"படுங்க அண்ணி. அது நம்ம ப்ளேன். இன்னிக்கு இந்தப் பக்கம் ஓட்டறாங்க."

"தரை ஆடிச்சே தம்பி."

"சத்தத்தை முந்தினா தரையும் ஆடும்."

அவளைக் கூப்பிட வந்த நாங்க நின்னு கேக்கல. ஓடிட்டோம்.

போனா, ராக்பர்ஸ்ட்டேதான். கீழ் லெவல்ல பாறை சரிஞ்சு ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க, அதுல சிரிலும் ஒருத்தன். சரோஜம்மா வீட்டுக்காரர் முதல் கேஜ்லயே வந்துட்டாரு. அவரைக் கண்ணால பாத்ததும் அந்தம்மா விடுவிடுன்னு லைனுக்குத் திரும்பினாங்க. நானும் கூடப் போனேன்.

இங்க இன்னா நடக்குது தெரியுமா? சாரா கட்டில்ல சாஞ்சுக்கிட்டு கஞ்சி குடிக்கறா. இவன் முறத்தைக் கையில புடிச்சுக்கிட்டு, ப்ளேன் எப்படி சாஞ்சு திரும்பும்னு காட்டறான். அவ சிரிக்கறா.

சரோஜம்மா அவனைப் பின்பக்கம் இழுத்துக்கிட்டுப் போய்க் கொட்டித் தீத்துட்டாங்க. கூடப் பொறந்தவன் பாறைக்கடியில கெடக்கறான், நீ முறத்தை ஆட்டிக்கிட்டு நிக்கறியா, லைன்ல பொறந்தவனுக்கு எது பர்ஸ்ட், எது ப்ளேன்னு தெரியாதா, நீயெல்லாம் ஒரு மனுஷனான்னு கேட்டாங்க.

அவன் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னான். அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, அதே முறத்தோட உள்ள போனான். மறுபடியும் ப்ளேன் கதை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பொழுது சாயறப்போ சிரிலை மேல கொண்டாந்தாங்க. கால்ல பலத்த அடி, உசுருக்கு ஒண்ணுமில்ல. கூட இருந்தவங்கள்ல ரெண்டு பேர் பொணமாத்தான் வந்தாங்க. லைன்ல யாரும் அன்னிக்கு அடுப்பு மூட்டல.

அந்த வாரமே சாராவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. ரெண்டு உசுரும் நல்லபடியா பொழைச்சுது. ஆனா சுந்தரராஜோட யாரும் முகம் குடுத்துப் பேசல. பசங்க அவனைப் பாத்து ‘டமார்’னு கத்திட்டு ஓடுவாங்க.

புள்ளையைப் பாக்க லைனே கூடியிருந்தப்போ, சரோஜம்மா நடந்ததையெல்லாம் சிரில்கிட்டச் சொன்னாங்க. அவன் கட்டுப் போட்ட காலோட எழுந்தே நின்னுட்டான்.

"நம்ம அப்பாவையே பர்ஸ்ட்ல பறிகுடுத்தோம். அந்தச் சத்தம் உனக்கு மறந்து போச்சாடா? ப்ளேன் அவ்ளோ பெருசாப் போச்சா?"

சுந்தரராஜ் எங்களையெல்லாம் ஒரு தடவை பாத்தான். தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"மறக்கலண்ணே. அது பறந்துச்சுன்னு நான் சொன்னதெல்லாம் சும்மா அளந்தது. அதுக்கு இன்னும் றெக்கையே மாட்டல."